என் ஓவியங்களை 50 வருடம் யாரும் பார்க்கக் கூடாது என்று உயில் எழுதலாமா?

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில்

கடிதம் எழுதியவருக்கு 51 வயது. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுக் குடும்பச் சூழலால் கணக்காளர் வேலைக்குப் போனவர். இளம் வயதில் இரண்டு கண்காட்சிகள் வைத்திருக்கிறார். இரண்டாவதைப் பார்த்த ஒரு விமர்சகர், "இந்த மனிதர்களின் முகத்தில் உயிர் இல்லை" என்று எழுதினார். அதன் பிறகு 22 வருடங்களாக வரைந்துகொண்டே இருக்கிறார், ஆனால் ஒன்றைக்கூட யாருக்கும் காட்டவில்லை. பூட்டிய அறையில் சுமார் 300 படங்கள் இருக்கின்றன. உடன் படித்த நண்பர் இன்று பெயர் பெற்ற ஓவியர். அவருக்குச் சென்ற ஆண்டு ஒரு பெரிய விருது கிடைத்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் கெட்டுப்போயிருக்கிறது.

"ஒருவருடைய மேதைமையைக் கூட வாழ்கிறவர்களால் எடைபோட முடியாது. பின்னால் வரும் தலைமுறைதான் சரியாகச் சொல்லும்" என்பது இவர் கட்சி. அதற்கு வான்காவையும், ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்டையும், ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவர் விட்டுச் செல்வதைக் கொண்டு தெரியும் என்ற பொருளில் 'தக்கார் தகவிலர்' என்று தொடங்கும் குறளையும் துணைக்கு அழைக்கிறார். மனைவியின் கட்சி வேறு: "இருக்கிறவர்கள் சொல்வதுதான் கணக்கு. செத்த பிறகு வரும் பெயரால் யாருக்கு என்ன?" 20 வயது மகள் எந்தக் கட்சியும் பேசவில்லை. "எனக்காவது காட்டுங்களேன் அப்பா" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். தன் மறைவுக்குப் பிறகு 50 வருடம் படங்களை யாரும் பார்க்கக் கூடாது என்று உயில் எழுத இவர் நினைக்கிறார். தானும் மனைவியும் சொல்வதில் எது சரி, இந்த உயில் சரியா என்பவை கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

மேதைமையை யார் சரியாக மதிப்பிடுவார்கள் என்பது பொதுக் கேள்வி. அந்த 300 படங்களை என்ன செய்வது என்பது உங்கள் சொந்தக் கேள்வி. முதலாவதற்கு நீங்கள் வைத்திருக்கும் பதிலைக் கொண்டு இரண்டாவதை முடித்துவிடப் பார்க்கிறீர்கள். ஆனால் அந்த முதல் பதில் பாதிதான் சரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் படங்களின் தரம் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. நான் அவற்றைப் பார்த்ததில்லை. 22 வருடம் யாருடைய பாராட்டும் இல்லாமல் ஒருவர் தொடர்ந்து வரைந்திருக்கிறார் என்பதை மட்டும் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதற்கு என் மரியாதை உண்டு.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட வாழ்ந்தவர்கள் கண்ணெதிரே இருந்ததைக் காணாமல் விட்டதற்குச் சான்றுகள் நிறைய. பட்டாணிச் செடிகளை வைத்து மரபியல் விதிகளைக் கண்ட மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சானது. அதன் அருமை 1900இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மெண்டல் 1884இலேயே இறந்துவிட்டார். டச்சு ஓவியர் வெர்மீர் 1675இல் கடனோடு இறந்தார். அவருடைய ஓவியங்களில் சில வேறு ஓவியர்களின் பெயரில் கைமாறிக்கொண்டிருந்தன. 1860களில் தோரே என்ற பிரெஞ்சு விமர்சகர் தேடித் தேடி எழுதிய பிறகுதான் அவர் பெரிய ஓவியராகப் பேசப்பட்டார். இலக்கியத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் சுலி புருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குப் போனது. டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தும் அந்தப் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இதற்கெல்லாம் கெட்ட எண்ணம் காரணம் என்று நினைக்க வேண்டாம். அந்தந்தக் காலத்து ரசனை, நட்பு, போட்டி எல்லாம் அருகில் இருப்பவர் கண்ணை மறைக்கும். சில சமயம், ஒன்றைப் புரிந்துகொள்ளத் தேவையான வேறு அறிவு அன்றைக்குப் பிறந்தே இருக்காது. மெண்டல் எழுதிய நாளில், உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் எப்படிப் பிரிகின்றன என்று யாருக்கும் தெரியாது. அது தெரிந்த பிறகு வந்தவர்களுக்கு அவருடைய கணக்கு சட்டென்று பொருள்பட்டது. ஆகவே, 'இருக்கிறவர்கள் சொல்வதுதான் கணக்கு' என்ற உங்கள் மனைவியின் வாதம் முழுதாக நிற்காது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

வான்கா தனியாக இல்லை

"வாழ்நாளில் ஒரே ஒரு படம் விற்ற மனிதரை இன்று உலகமே கொண்டாடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பரவலாகச் சொல்லப்படும் கதைதான். ஆனால் அதில் விடுபட்டவைதான் உங்களுக்குத் தேவையானவை. அவர் ஓவியராக உழைத்தது மொத்தம் பத்து வருடம். சித்தப்பா ஒருவர் காசு கொடுத்து அவரிடம் நகரக் காட்சிகளை வரையச் சொல்லியிருக்கிறார். 1890 ஜனவரியில், அதாவது இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஆல்பர் ஓரியே என்ற விமர்சகர் அவரைப் போற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதே காலத்தில் பிரஸ்ஸல்ஸில் நடந்த கண்காட்சியில் அவருடைய 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' ஓவியத்தை ஆனா போக் என்ற சக ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதாமாதம் பணம் அனுப்பிய தம்பி தியோ இருந்தார். பெரும்பாலான படங்கள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அண்ணன் இறந்து ஆறே மாதத்தில் தியோவும் இறந்தார். கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி யோஹன்னாவிடம் நூற்றுக்கணக்கான படங்களும் கட்டுக் கட்டாகக் கடிதங்களும் இருந்தன. அவற்றுக்குச் சந்தையில் மதிப்பில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அவர் விடவில்லை. விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே கண்காட்சிகளுக்கு ஏற்பாடு செய்தார். எந்தப் படத்தை எப்போது யாருக்கு விற்பது என்று யோசித்து விற்றார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 400க்கும் மேற்பட்ட படைப்புகளை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். 1914இல் வான்கா தம்பிக்கு எழுதிய கடிதங்களை வெளியிட்டார். வான்காவை நமக்குக் கொடுத்தது அவர்தான். பின்வந்த தலைமுறை தானாகக் கண்விழித்துப் பார்த்தது என்பது அந்தப் பெண்ணின் முப்பது வருட உழைப்பை இல்லையென்று சொல்வதாகும். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே மனம் கனக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1888இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தில் சுவர்கள் வெளிர் ஊதா என்று வான்காவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று பார்த்தால் நீலமாக இருக்கிறது. அதிலிருந்த சிவப்புச் சாயம் வெளிறிவிட்டது. அவர் வைத்த நிறத்தைப் பார்த்தவர்கள் அன்று அவரோடு இருந்தவர்கள் மட்டும்தான்.

ஹில்மா அஃப் கிளிண்ட் கதையும் அப்படித்தான். தன் படங்களை இறந்து 20 வருடம் காட்டக் கூடாது என்று அவர் சொன்னது உண்மை. 1944இல் இறந்தார். 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கண்காட்சிதான் உலகம் அவரைக் கவனித்த முதல் தருணம். 2018-19இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சிக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர் இல்லை. தன்னைப் போலச் சிந்திக்கிறவர்களுக்குக் காட்டினார், 1928இல் லண்டனில் சில படங்களை வைத்தார். எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தி, பல்லாயிரம் பக்கம் குறிப்பு எழுதி, பொறுப்பை ஏற்கத் தயாராக இருந்த அண்ணன் மகனிடம் ஒப்படைத்தார். உங்கள் அறையில் பட்டியல் இருக்கிறதா? படங்களின் பின்புறம் ஆண்டாவது எழுதியிருக்கிறதா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வருங்காலம் எதைப் பார்க்கும்?

பின்னால் வருகிறவர்கள் மதிப்பிடுவது, தங்களிடம் வந்து சேர்ந்ததை மட்டும்தான். ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளியில் ஐந்து பெயர் சொன்னோம். அதில் வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்கள் போக மீதி இல்லாமல் போய்விட்டன. சிலப்பதிகாரத்தை விட அவை உயர்ந்தவையா தாழ்ந்தவையா என்று எந்தத் தலைமுறையாலும் இனிச் சொல்ல முடியாது. அவை தரத்தில் குறைந்ததால் அழிந்தன என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஓலையைப் பூச்சி அரிப்பதற்குள் அடுத்த ஓலையில் படியெடுக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஏதோ ஒரு காலத்தில் அந்தக் கை இல்லாமல் போயிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தபோது அவருடைய நாடகங்களில் ஏறக்குறைய பாதி அச்சேறவில்லை. அவரோடு மேடையில் நடித்த இரண்டு பேர் 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். அதற்கு முன் அச்சில் வராத 18 நாடகங்கள் அதில் இருந்தன, மாக்பெத் உட்பட. அந்தத் தொகுப்பில்தான் பென் ஜான்சன், இவர் ஒரு காலத்துக்கு உரியவர் இல்லை, எல்லாக் காலத்துக்கும் உரியவர் என்ற கருத்தில் பாடினார். எதிர்காலத்தின் தீர்ப்பு என்று நாம் நினைப்பதை முதலில் எழுதியவர் சக நாடகாசிரியர், அதுவும் போட்டியாளர். அப்புறம் வந்த தலைமுறை என்ன செய்தது தெரியுமா? 1681இல் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்துக்கு மங்கள முடிவு சேர்த்து மாற்றி எழுதினார்கள். நூறு வருடத்துக்கு மேல் மேடைகளில் ஓடியது அந்த மாற்றிய வடிவம்தான். பிந்திப் பிறந்ததால் மட்டும் யாருக்கும் நல்ல கண் வந்துவிடுவதில்லை. அவர்களுக்கும் அவர்கள் காலத்து ரசனை உண்டு, அவர்களுக்குப் பின்னாலும் ஒரு தலைமுறை வந்து மாற்றிச் சொல்லும்.

'புறக்கணிக்கப்பட்டவர்கள் பின்னால் கொண்டாடப்படுகிறார்கள்' என்ற எண்ணத்தில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. நீங்கள் கணக்காளர் என்பதால் உடனே புரியும். புறக்கணிக்கப்பட்டுப் பிறகு கண்டெடுக்கப்பட்டவர்கள் மட்டும் உங்கள் ஏட்டில் இருக்கிறார்கள். புறக்கணிக்கப்பட்டு அப்படியே மறைந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இன்றைய மௌனத்தை வைத்து உங்கள் படங்கள் பெரியவை என்றும் சொல்ல முடியாது, சிறியவை என்றும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் உலகம் மௌனமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. 22 வருடமாக உலகத்துக்கு எதுவும் காட்டப்படவே இல்லை.

ஒரு விமர்சகர் ஒரு காலம் ஆகமாட்டார்

'என் சமகாலம் என்னை நிராகரித்தது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நிராகரித்தது ஒரு மனிதர், ஒரு வரியில். அந்த வரி உங்களை எவ்வளவு ஆழமாகக் குத்தியது என்று எனக்குப் புரிகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், முழு மனதையும் வைத்துச் செய்ததைப் பார்த்து உயிர் இல்லை என்று சொன்னால் அது படத்தைப் பற்றிய பேச்சாகக் கேட்காது, நம்மைப் பற்றிய பேச்சாகக் கேட்கும். ஆனால் அதைக் காலத்தின் தீர்ப்பாக ஆக்கியது நீங்கள்தான்.

இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதினார், பயன் இல்லை. 1913இல் மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். மூவரும் ஒரே காலம், ஒரே பல்கலைக்கழகம். முதல் இருவரோடு அவர் நிறுத்தியிருந்தால், சமகாலம் கண்டுகொள்ளவில்லை என்று அவருக்கும் சொல்ல முடிந்திருக்கும். 1920இல் அவர் இறந்தபின் அவருடைய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டிக்குப் போயின. பிறகு கைமாறி டிரினிட்டி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அங்கே அவற்றைக் கண்டெடுத்தார். அந்த நீண்ட வழியில் ஒவ்வொரு கட்டத்திலும், இது தூக்கிப் போட வேண்டியதில்லை என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

பாரதியையும் யோசித்துப் பாருங்கள். 1921இல் 38 வயதில் இறந்தார். 1930களில் அவர் மகாகவிதானா என்று பெரிய விவாதமே நடந்தது. மகாகவி என்று ஏற்க மறுத்து எழுதியவர்களில் ஒருவர் கல்கி. அதே கல்கிதான் பின்னர் முன்நின்று எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார், 1947இல் அது திறக்கப்பட்டது. ஒருவர் ஒரு சமயம் சொன்னது அவருடைய கடைசி வார்த்தையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. உங்கள் விமர்சகரே இன்றைக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியாது.

அந்தக் குறளைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடுவு நிலைமை அதிகாரத்தில் வருகிறது. ஒருவர் நேர்மையாக வாழ்ந்தாரா என்பதைப் பற்றியது. கலைஞனின் புகழ் அங்கே பேசப்படவில்லை. நேர்மை விஷயத்தில் என் கருத்து இன்னும் அழுத்தமானது. ஒருவர் மனிதர்களிடம் எப்படி நடந்துகொண்டார், கோபத்தில் என்ன செய்தார், பலவீனமானவரிடம் எப்படிப் பேசினார் என்பதைக் கூட வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள். ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பு, ஒரு செவிலியரின் கை, ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய பாடகரின் குரல் எல்லாம் அன்றே பார்க்கப்பட்டு அன்றே மதிக்கப்பட்டவை. அவற்றுக்கு வருங்காலம் என்ற ஒன்று கிடையாது. எந்தக் கருத்து நிலைக்கும், எந்தக் கண்டுபிடிப்பு பயன்படும் என்பதைச் சொல்வதில் பின்வருகிறவர்களுக்கு வசதி அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களும் நம் கையால்தான் வாங்கிப் பார்க்க வேண்டும்.

உயில் விஷயம்

உங்கள் திட்டத்தை ஆண்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 80 வயது வரை இருந்தால் அப்போது மகளுக்கு 49. அதிலிருந்து 50 வருடம் கழித்துக் கதவு திறக்கும்போது அவளுக்கு 99. வாழ்நாள் முழுக்க அவள் 300 படங்களைச் சுமக்க வேண்டும். திறக்கும் நாளில் அநேகமாக அவள் இருக்க மாட்டாள். அப்போது சாவி யார் கையில் இருக்கும்? உங்களைத் தெரிந்த ஒருவர்கூட இருக்க மாட்டார்.

பதிப்புரிமையும் இருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, படைப்பாளி இறந்து குறைந்தது 50 வருடம் உரிமை நீடிக்கும்; பல நாடுகளில் 60 அல்லது 70 வருடம். உங்கள் பூட்டு திறக்கும்போது அந்த உரிமை முடிந்திருக்கும், அல்லது அதன் பெரும்பகுதி கழிந்திருக்கும். படத்தின் உடைமையும் அதன் பதிப்புரிமையும் தனித்தனி என்பதால் உயிலில் இரண்டையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இதற்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தடை விதிக்கும் உயில்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

படங்களும் அப்படியே இருக்காது. வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய் வண்ணம் மஞ்சளாகும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சுருட்டி வைத்தால் வண்ணம் விரிசல் விடும். 50 வருடம் யாரும் திறந்து பார்க்காத அறையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்றும் கடிதத்தின் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படம், உங்கள் உரிமை. ஆனால் தூக்கமில்லாத ஓர் இரவில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். யாருக்கும் காட்டாமலேயே தொடர்ந்து வரைவதும் மரியாதையான வழிதான், வரைவதே போதும் என்று மனம் சொன்னால். உங்கள் கடிதம் அப்படிச் சொல்லவில்லை. அதில் பத்துப் பக்கமும் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விதான் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இது. அறையைத் திறந்து ஒவ்வொரு படத்துக்கும் எண், ஆண்டு, பொருள் எழுதிப் பட்டியல் போடுங்கள்; கணக்குப் பழகிய கை, நன்றாக வரும். அந்த வேலைக்கு மகளைத் துணைக்குக் கூப்பிடுங்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்காதீர்கள். எந்தப் படத்தின் முன்னால் அவள் அதிக நேரம் நிற்கிறாள் என்று பாருங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள். மனைவிக்குக் கடைசியில் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம்; 'இருக்கிறவர்கள் சொல்வதுதான் கணக்கு' என்று அவர் சொல்வதில், என்னிடம் ஏன் கேட்கவில்லை என்ற வருத்தமும் இருக்கலாம். பட்டியல் முடிந்த பிறகு, அந்த நண்பருக்கு ஒரு பத்துப் படத்தைக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். கஷ்டம்தான். ஆனால் உங்கள் கோடு எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்த, பயிற்சி பெற்ற கண் அவருடையது. அவர் விருது பெற்றதால் உங்கள் படத்தின் தரம் ஒரு அணுவும் குறையவில்லை. அவர் புகழ் நிற்குமா போகுமா என்று கணித்துக்கொண்டிருப்பது உங்கள் தூக்கத்தைத்தான் தின்கிறது.

உயிலை அதன் பிறகு எழுதுங்கள். தடைக்குப் பதிலாக, யார் பொறுப்பு, அவர் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம் அல்லது கொடுக்கலாம், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் உரிமை உண்டா என்பவை அதில் இருக்கட்டும். மகளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு அவள் பெயரை எழுதுங்கள்.

தூக்கம் தனி விஷயம். பல மாதங்களாகத் தொடர்கிறது என்கிறீர்கள். பசி குறைவது, வரையவே பிடிக்காமல் போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால், இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இல்லையென்றாலும் ஒருமுறை குடும்ப மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். பட்டியல் எதுவரை வந்தது என்று எழுதுங்கள்.